டீப் ராக் கேலக்டிக்: நான்கு பாத்திரங்களில் உங்களுக்கு எது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டீப் ராக் கேலக்டிக் என்ற கணினி விளையாட்டில், கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு ஆறு மாதம் கன்னர் என்ற பாத்திரமாகவே ஆடினேன். பெரிய துப்பாக்கி, தடித்த உருவம்; எல்லாருக்கும் முன்னால் நின்று சுட்டால் போதும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் செத்ததுதான் மிச்சம். நான்கு பாத்திரங்களுக்கும் உயிர்ப்புள்ளி ஒரே அளவுதான், நடக்கும் வேகமும் ஒன்றுதான் என்பது எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. உருவம் வெறும் தோற்றம்.

இந்த விளையாட்டைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் இணையத்தில் தேடுவது 'எந்தப் பாத்திரம் சிறந்தது' என்பதைத்தான். கிடைக்கும் தரவரிசைகள் எல்லாம் நன்கு பழகிய நான்கு பேர், நல்ல இணையம், ஒரே அலைவரிசையில் பேச்சு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நம் ஊரில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருப்பதே ஒரு சாதனை. ஆகவே நீங்களே சோதித்துப் பார்த்து முடிவு செய்வதற்கான வழியைச் சொல்கிறேன். ஒரு வாரம் போதும்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. நீங்கள் ஹாக்ஸஸ் என்ற கோளின் குகைகளில் இறங்கும் விண்வெளிச் சுரங்கக் குள்ளர். அதிகபட்சம் நான்கு பேர். கனிமம் எடுக்க வேண்டும், பூச்சிகளைச் சமாளிக்க வேண்டும், முடிந்ததும் மேலேறும் கலத்துக்குத் திரும்ப வேண்டும். பாத்திரங்கள் ஸ்கவுட், இன்ஜினியர், டிரில்லர், கன்னர்.

1. வாங்கும் முன்: கணக்கு, பணம், ரசீது

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கணக்கு வேண்டும். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். உங்கள் சொந்த முகவரியையே கொடுங்கள். மருமகனின் முகவரியில் தொடங்கிவிட்டு, அவன் கோவைக்குப் படிக்கப் போன பிறகு கடவுச்சொல்லுக்காக அலைந்தவன் சொல்கிறேன். வாங்கியதும் மின்னஞ்சலில் ரசீது வரும், அழிக்காதீர்கள்.

விலையில் அவசரம் வேண்டாம். ஸ்டீமில் ஜூன் கடைசியில் கோடை விற்பனையும், டிசம்பர் கடைசியில் குளிர்கால விற்பனையும் வரும். இந்த விளையாட்டு தள்ளுபடிக்கு வராத விற்பனை அபூர்வம். அதனுடன் விற்கப்படும் கூடுதல் தொகுப்புகள் உடை, தாடி, துப்பாக்கி நிறம் போன்ற அலங்காரம் மட்டுமே. அவற்றால் ஒரு பூச்சிகூடக் கூடுதலாகச் சாகாது.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, பெயர்க் குழப்பம். 'டீப் ராக் கேலக்டிக்: சர்வைவர்' என்பது வேறு விளையாட்டு, தனியாக ஆடுவது. நண்பர்களோடு இறங்க வேண்டுமென்றால் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாததை வாங்குங்கள்.

இரண்டாவது, கடைக் குழப்பம். ஸ்டீமில் வாங்கியவரும் மைக்ரோசாஃப்ட் கடையில் வாங்கியவரும் சேர்ந்து ஆட முடியாது. நால்வரும் எங்கே வாங்குவது என்று முதலில் பேசி முடிவெடுங்கள். நான் பேசவில்லை, இரண்டு முறை பணம் கட்டினேன்.

மூன்றாவது, ஒரே வீட்டில் இருவர். ஸ்டீமின் குடும்பப் பகிர்வில் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து குகைக்குள் போக வேண்டுமானால் இரண்டு பிரதிகள் வாங்கியே ஆக வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரம் விளையாட்டு திறந்திருக்கும் நேரம் முழுவதையும் சேர்த்தது. திறந்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாலும் கடிகாரம் ஓடும். உங்கள் கணினி தாங்குகிறதா என்று பார்க்க மட்டும் அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். பாத்திரத்தைத் தீர்மானிக்க அது பற்றாது.

2. ஹோஸ்ட் யார்?

பாத்திரங்களைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். சோதனை பாதியில் அறுந்தால் எதையும் தீர்மானிக்க முடியாது என்பதால்தான்.

இந்த விளையாட்டுக்குப் பொது சர்வர் கிடையாது. அறையைத் திறப்பவரின் கணினியிலேயே முழு ஆட்டமும் ஓடுகிறது. அவர்தான் ஹோஸ்ட். மற்றவர் இணைப்பு அறுந்தால் அவர் மட்டும் வெளியேறுவார். திரும்ப வந்து சேர்ந்துகொள்ளலாம். ஹோஸ்ட்டின் இணைப்பு அறுந்தால் எல்லாருக்கும் ஆட்டம் முடிந்தது. அரை மணி நேர உழைப்பு போனதுதான்.

எங்கள் குழுவில் இருவர் கோத்தகிரி, ஒருவர் குன்னூர், ஒருவர் கூடலூர். நீலகிரியின் மேற்குச் சரிவுக்கு மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கிழக்குச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மரம் விழுந்து கம்பி அறுவதும் அதே கணக்கில்தான். ஆகவே ஜூலையில் கூடலூர்க்காரர் ஹோஸ்ட் ஆகக் கூடாது, நவம்பரில் நாங்கள் ஆகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும் தங்கள் மழை மாதத்தைப் பார்த்து இப்படியொரு விதி வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் போனால் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கினேன்; ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இந்த விளையாட்டுக்காக நான் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான்.

3. நால்வரின் வேலை என்ன?

துப்பாக்கிகளை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குகைக்குள் நகர்வதற்கு ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியே அந்தப் பாத்திரம்.

ஸ்கவுட்டிடம் கொக்கி வீசி இழுத்துக்கொள்ளும் துப்பாக்கியும், சுவரில் குத்திக்கொண்டு எரியும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் இருக்கின்றன. எல்லாரும் கையால் ஒளிக்குச்சி வீசலாம். ஆனால் அது காலடியைத்தான் காட்டும். உயரமான குகையின் கூரையைக் காட்டுவது ஸ்கவுட்டின் வேலை. பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும்போது, முன்னால் ஒரு லாரியின் விளக்கு தெரிந்தால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நிம்மதியாக வரும் இல்லையா, அந்த முன்வண்டிதான் ஸ்கவுட். புதியவர்கள் செய்யும் தவறு, கொக்கி இருக்கிறதே என்று பறந்து போய், யாரும் எட்டாத மூலையில் தனியாக அடிபட்டு விழுந்து கிடப்பது. தூக்கிவிட வருபவருக்குக் கொக்கி கிடையாது.

இன்ஜினியர் தட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர். சுவரில் எங்கே சுட்டாலும் நிற்க ஒரு தட்டு முளைக்கும். தானாகச் சுடும் காவல் துப்பாக்கியும் நிறுவலாம். மேம்படுத்தினால் அது இரண்டாகும். உயரத்தில் கனிமம் தெரிந்தால் அதற்குக் கொஞ்சம் கீழே இன்ஜினியர் தட்டு போட, ஸ்கவுட் கொக்கி வீசி அதில் நின்று வெட்டுவார். இந்த விளையாட்டின் மிக அழகான கூட்டு வேலை அது. தட்டைக் கனிமத்தின் மேலேயே ஒட்டிவிடாதீர்கள். முதலில் தட்டை வெட்டி, பிறகு கனிமத்தை வெட்ட வேண்டிவரும். ஸ்கவுட் வாய்விட்டுத் திட்டுவார்.

டிரில்லர் இரு கைகளிலும் துளைப்பான் வைத்திருக்கிறார். மற்றவர்கள் குந்தாலியால் கொத்திக் கொத்திப் போகும் மண்ணை அவர் வெண்ணெயாக வெட்டிப் போவார். வேலை முடிந்து பொத்தானை அழுத்தியதும் கலத்துக்குத் திரும்ப நேரம் எண்ணத் தொடங்கும். பெரும்பாலும் 5 நிமிடம். வந்த வழி வளைந்து வளைந்து போகும்போது டிரில்லர் நேர்க்கோட்டில் சுரங்கம் போட்டால் நால்வரும் நடந்தே போய்ச் சேரலாம். அவருடைய தீப்பீச்சி எட்டும் தூரம் குறைவு. பறக்கும் பூச்சிகள் வந்தால் திண்டாடுவார். அவரிடம் வெடிப்பொட்டலமும் உண்டு. அது நண்பர், பகைவர் என்று பார்க்காது. என் சித்தி மகன் முதல் வாரத்தில் கொன்றவர்கள் பட்டியலில் பூச்சிகளுக்கு அடுத்த இடம் எனக்கு.

கன்னரிடம் கம்பித்தொங்கலும் பாதுகாப்புக் கவசமும். இரு முனைகளுக்கிடையே கம்பி கட்டினால் நால்வரும் அதில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடக்கலாம். செங்குத்தாக மேலே மட்டும் கட்ட முடியாது. கவசம் ஓர் ஒளிக்கோளம்: பூச்சிகள் உள்ளே வர முடியாது, நாம் உள்ளிருந்து சுடலாம். விழுந்தவரைத் தூக்கிவிட அந்தச் சில நொடிகள் போதும். நான் ஆறு மாதம் கவசத்தை எனக்காக மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

4. தனியாக ஆடி முடிவெடுக்காதீர்கள்

எல்லாரும் விழும் குழி இதுதான். தனியாக இறங்கினால் பாஸ்கோ என்ற பறக்கும் இயந்திரம் துணைக்கு வரும். அது வெளிச்சம் காட்டும், சுடும், நீங்கள் சுட்டிக்காட்டும் கனிமத்தை எவ்வளவு உயரமானாலும் பறந்து போய் வெட்டும், நீங்கள் விழுந்தால் தூக்கியும் விடும். அதாவது ஸ்கவுட்டின் வேலையும் இன்ஜினியரின் வேலையும் பாதி அதனுடையது. இந்த நிலையில் ஸ்கவுட்டை எடை போட்டால் 'இவனால் என்ன பயன்' என்று தோன்றும். கன்னர் மகாராஜாவாகத் தெரிவார். இரண்டாவது ஆள் சேர்ந்த உடனே பாஸ்கோ காணாமல் போய்விடும். அப்போதுதான் குகை எவ்வளவு இருட்டு என்பது தெரியும்.

தனியாட்டத்தைப் பொத்தான்கள் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு நோட்டும் எட்டு ஆட்டங்களும்

நான்கு பாத்திரங்களும் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கும். ஆட்டங்களுக்கு இடையே விண்வெளி நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம்; செலவில்லை. ஆட்டத்தின் நடுவே மாற்ற முடியாது. ஒரே பாத்திரத்தை இருவர் எடுக்கவும் தடையில்லை.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை, மொத்தம் எட்டு ஆட்டங்கள் ஆடுங்கள். ஓர் ஆட்டம் 20 முதல் 35 நிமிடம். இரவுக்கு இரண்டு என்றால் நான்கு இரவுகள். ஆபத்து நிலை 5 வரை உண்டு. பழகுவதற்கு 2, சோதனைக்கு 3. நிலை 1-இல் சோதித்தால் எல்லாப் பாத்திரமும் நல்ல பாத்திரம்தான்.

ஒரே வகைப் பணியில் சோதியுங்கள். மார்க்கைட் என்ற கனிமத்தை வெட்டும் சாதாரணச் சுரங்கப் பணி போதும். நீளமும் சிக்கலும் குறைந்ததாகப் பாருங்கள். பணிப் பலகை அரை மணிக்கு ஒரு முறை மாறும். நீங்கள் முடித்த பணி பலகையிலிருந்து மறைந்துவிடும் என்பதால் அதே குகையை மறுபடி தேட வேண்டாம். அதற்கு வேறு வழி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பட்டியல் காட்டுவார்கள்: யார் எத்தனை கொன்றார், எவ்வளவு வெட்டினார், எத்தனை முறை விழுந்தார். கொன்ற கணக்கைப் பார்க்காதீர்கள். கூட்டத்தைக் கொளுத்தும் டிரில்லருக்கும் காவல் துப்பாக்கி வைத்திருக்கும் இன்ஜினியருக்கும் அது இயல்பாகவே ஏறும், ஸ்கவுட்டுக்கு இறங்கும். நான் நோட்டில் எழுதிய கேள்விகள் நான்கு:

மற்றவர்கள் எனக்காக எத்தனை முறை காத்திருந்தார்கள், நான் அவர்களுக்காக எத்தனை முறை? முதல் எண் பெரிதாக இருந்தால் கருவி இன்னும் கைக்கு வரவில்லை.

என் நகர்வுக் கருவியை எனக்காக எத்தனை முறை பயன்படுத்தினேன், பிறருக்காக எத்தனை முறை? கன்னராக எனக்கு வந்த விடை வெட்கக்கேடு.

நைட்ரா என்ற கனிமம் எப்போது தீர்ந்தது? குண்டுகளை வரவழைக்க ஒவ்வொரு முறையும் 80 நைட்ரா வேண்டும். இறங்கும் பெட்டியில் நான்கு பங்குகள். ஒரு பங்கு பாதிக் குண்டுகளை நிரப்பும். ஒருவர் இரண்டு பங்கு எடுத்தால் இன்னொருவர் வெறுங்கை. பெட்டி வரும்போது உங்களிடம் பாதிக்கு மேல் குண்டு மிச்சமிருந்தால், உங்கள் பாத்திரம் அந்தக் குகைக்கு மலிவு. எப்போதும் காலி என்றால் பாத்திரத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் விரலைக் கவனியுங்கள்.

எதனிடம் விழுந்தேன்? பூச்சிக் கூட்டமா, ஒரே பெரிய பூச்சியா, உயரத்திலிருந்தா? மூன்று முறையும் உயரத்திலிருந்து விழுந்த ஸ்கவுட்டுக்குத் துப்பாக்கியை மேம்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எட்டாவது ஆட்டத்தில் நோட்டைப் பார்த்தால் விடை தெரியும். எனக்கு இன்ஜினியர் என்று வந்தது. 'உனக்குச் சுடத் தெரியாது, தட்டு போடத் தெரியும்' என்று குன்னூர்க்காரர் மூன்றாவது நாளே சொன்னார். அப்போது கோபம் வந்தது.

6. செலவு: எது பொது, எது தனி

விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் பணமும் கனிமங்களும் நான்கு பாத்திரங்களுக்கும் பொது. அனுபவப் புள்ளி மட்டும் தனித்தனி. கன்னராக ஆடியது ஸ்கவுட்டின் நிலையை உயர்த்தாது. இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், முதல் வாரத்தில் பிடித்த பாத்திரத்தின் துப்பாக்கிக்கே எல்லாக் கனிமத்தையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தை மாற்றும்போது கை காலியாக நிற்பீர்கள்.

சோதனை முடியும் வரை துப்பாக்கிக்குச் செலவு செய்யாதீர்கள். ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் நகர்வுக் கருவியை மேம்படுத்துங்கள்: கொக்கி, தட்டு, துளைப்பான், கம்பி. ஒரு முறை வாங்கிய மேம்பாடு உங்களுடையது. அதே வரிசையில் வாங்கிய இன்னொன்றுக்கு மாறுவதற்கு மறுபடி பணம் கேட்க மாட்டார்கள். ஆகவே தவறாக வாங்கிவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. நான்கு பேர் கூடாத இரவுகளில்

ஆட்கள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பூச்சிகளும் கூடும், குறையும். இரண்டு பேர் என்றால் பயப்படத் தேவையில்லை. எந்த வேலைக்கு ஆளில்லை என்று மட்டும் பாருங்கள்.

இருவர் மட்டும் என்றால் ஸ்கவுட்டும் இன்ஜினியரும். வெளிச்சமும் உயரமும் கிடைத்துவிடும். மூன்றாவது ஆளாக டிரில்லரை எடுப்பேன். கன்னர்கள் கோபிப்பார்கள்; ஆறு மாதம் அந்தச் சட்டையைப் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். விதிவிலக்கு, ஓரிடத்தில் நின்று காக்க வேண்டிய பணிகள். உடைந்த கலத்தைப் பழுதுபார்க்கும் மீட்புப் பணியில் வட்டத்தை விட்டு நகரக் கூடாது. அங்கே கவசம் இல்லாமல் போனால் அழுவீர்கள். பெரிய துளைப்பு வண்டிக்குக் காவல் போகும் பணியும் அப்படித்தான். முட்டை தேடும் பணியில் முட்டைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். டிரில்லர் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

முன்பின் தெரியாதவர்களின் அறையில் சேர்ந்தால் மொழி ஒரு தடையில்லை. லேசர் சுட்டியால் கனிமத்தைக் காட்டினால் எந்த நாட்டு ஸ்கவுட்டும் புரிந்துகொள்வார்.

8. நிலை 25-க்குப் பிறகு: வியாழக்கிழமை மாலை

ஒரு பாத்திரம் அனுபவத்தில் நிலை 25-ஐத் தொட்டதும் பதவி உயர்வுக்கான தொடர் பணிகள் கிடைக்கும். முடித்து, உரிய பணமும் கனிமமும் கட்டினால் நிலை மறுபடி 1-லிருந்து தொடங்கும். வாங்கிய ஆயுதங்களும் மேம்பாடுகளும் போகாது. நிலை 20-ஐத் தாண்டியதும் கனிமத்தைச் சேர்த்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஒரே ஒரு கனிமம் குறைந்து, அதற்காக இரண்டு இரவுகள் தனியாகக் குகை குகையாகத் திரிந்தேன்.

ஏதாவது ஒரு பாத்திரத்துக்கு முதல் பதவி உயர்வு கிடைத்தால் 'டீப் டைவ்' திறக்கும். தொடர்ச்சியாக மூன்று குகைகள். ஒரு குகையில் தீர்ந்த குண்டு அடுத்ததிலும் தீர்ந்ததுதான். எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பரிசு முதல் முறை முடிப்பதற்கு மட்டும்தான். ஆனால் அந்த வாரம் முழுவதும், உலகத்தில் எல்லாருக்கும், அதே மூன்று குகைகள். எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம். ஐந்தாம் பகுதியில் சொன்ன வழி இதுதான்: அதே குகையில் முதலில் இன்ஜினியராகவும் மறுநாள் ஸ்கவுட்டாகவும் இறங்கினால், எந்த இடத்தில் எது இல்லாமல் தவித்தீர்கள் என்பது துல்லியமாகத் தெரியும். நோட்டை அப்போது மறுபடி எடுங்கள்.

குகைகள் மாறுவது வியாழக்கிழமை, நம் நேரப்படி மாலை 4.30 மணிக்கு. அதற்குச் சற்று முன்னால் தொடங்காதீர்கள். நாங்கள் வெள்ளி இரவு 9 மணிக்கு இறங்குகிறோம். குன்னூர்க்காரர் கடையைச் சாத்திவிட்டு வர அவ்வளவு நேரமாகும். டிசம்பரில் மட்டும் அரை மணி முன்னதாக. பத்தரைக்கு மேல் குளிரில் விரல் விறைத்துப்போய், ஒளிக்குச்சி வீச வேண்டிய நேரத்தில் சித்தி மகன் வெடிப்பொட்டலத்தை வீசிவிடுகிறான்.